இரண்டாவது பொட்டலம்

வள்ளித்தாய்க்கு நாலு வயது. மருந்து என்றால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பெற்றவள் இசக்கித்தாய் மூக்கைப் பிடித்தாலும், கெஞ்சினாலும், முதுகில் ஒன்று வைத்தாலும் அந்தப் பல் திறக்காது. ஓரகத்தி தங்கத்தாய் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தால் தானாகத் திறக்கும். சங்கரன்கோவில் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற அந்தத் தெருவுக்கே இது தெரியும். தெருவுக்குத் தெரிந்ததுதான் இசக்கித்தாய்க்கு ஆறவில்லை. வீட்டுக்குள்ளே இருந்திருந்தால் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஆடு மேய்க்கிற குடும்பம். மூத்தவன் நல்லகண்ணு, இளையவன் மூக்காண்டி. தை அறுப்பு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் மந்தையை ஓட்டிக்கொண்டு வயற்காட்டுப் பக்கம் போய்க் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்தால் வயல்காரச் சம்சாரிக்கு உரம், இவர்களுக்கு நெல். போனால் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். வீட்டில் மிஞ்சுவது இரண்டு பெண்கள், வள்ளி, செவலை என்கிற நாய், தாயோடு நடக்கத் தெம்பில்லாத குட்டிகள். அடுப்பு ஒன்று. சமைப்பது இசக்கித்தாய், குட்டிகளையும் நாயையும் பார்ப்பது தங்கத்தாய். பிள்ளையைப் பார்ப்பது யார் என்பதை மட்டும் யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை.

தங்கத்தாய் பனவடலிசத்திரத்துக்காரி. ஆட்டுக்காரர் வீட்டிலேயே பிறந்தவள். வாக்கப்பட்டு வந்து வருசம் பல ஆகியும் பிள்ளை இல்லை. இசக்கித்தாய் கரிவலம்வந்தநல்லூரில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள். பின்னால் வந்து, வந்த மறுவருசமே பெற்றாள். அந்த ஒரு விசயத்தில் தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அது அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது. எழுந்து நின்றதும் அது நேராக நடந்து போனது தங்கத்தாயின் மடிக்கு.

ஆட்டுக்காரர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழை ஓய்ந்து, புதுப்புல் தின்ற குட்டிகளுக்கு வயிறு ஊதி முடி சிலிர்த்து நிற்கும்போது பூச்சி மருந்து கொடுப்பார்கள். தங்கத்தாய் அதைக் குட்டிகளோடு நிறுத்த மாட்டாள். குட்டி, நாய், பிள்ளை, கடைசியில் பெரியவர்கள் என்று எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுப்பாள்.

"ஒரு வாயைப் பாக்கி வச்சோம்னா பூச்சி அங்கன போயி ஒளிஞ்சுக்கிடும். பெறகு எல்லாத்துக்கும் வரும்" என்பாள்.

குட்டிகளுக்கு ஆடுதின்னாப்பாளையை இடித்துப் பிழிந்த சாறு. மூங்கில் குழாயில் ஊற்றி, கடைவாயில் விரலைக் கொடுத்து, தலையை ரொம்பத் தூக்காமல் சாய்ப்பாள். நாய்க்குப் பாக்குத்தூளை வெல்லத்தில் உருட்டித் தொண்டைக்குள் தள்ளிவிடுவாள். செவலை மாதிரி முரட்டு நாய் அவள் கையில் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைக்கு வேப்பங்கொழுந்துச் சாறு.

"எங்க, எங்க வீட்டுக் குட்டி என்ன சொல்லும்?"

"மே" என்பாள் வள்ளி.

"கேக்கலியே."

"மேஏஏ."

அந்தத் திறந்த வாய்க்குள் சாறு போய்விடும். வள்ளி முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரிப்பாள்.

இசக்கித்தாயும் அதைச் செய்து பார்த்திருக்கிறாள். அதே கிண்ணம், அதே சாறு. "மே சொல்லு, கண்ணு" என்றால் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டே, "மாட்டேன்" என்று மூக்கால் சொல்லும். பக்கத்து வீட்டு மாடத்தி ஒரு தடவை இதை வேலி வழியாகப் பார்த்துவிட்டு, "ஏட்டி இசக்கி, நீ ஆடு மேச்சாத்தான் அது மே சொல்லும் போலிருக்கே" என்றாள். கேலிக்குச் சொன்னதுதான். இசக்கித்தாய் அன்று குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்.

அந்த மாசியில் வேப்பஞ்சாறு கேட்கவில்லை. வள்ளி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாள். வயிறு பானையாகவும் காலும் கையும் குச்சியாகவும் ஆகிவிட்டன. சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். உட்கார்ந்தால் பின்புறத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"நாயோட படுக்க விட்டா இப்பிடித்தான் ஆகும்" என்றாள் இசக்கித்தாய். நாய் என்று சொன்னாலும் பார்வை ஓரகத்தி மேல் இருந்தது.

"இருக்கும்" என்றாள் தங்கத்தாய். "நீயும் நகத்தை வெட்டி விடலாம்லா. மண்ணுல அளைஞ்ச கையோட தின்னுது. கிளம்பு, ஆஸ்பத்திரியில காமிப்போம்."

நடந்தார்கள். பாதி வழியில் வள்ளி, "பெரியம்மா, தூக்கு" என்றாள். தங்கத்தாய் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இசக்கித்தாய் மருந்து வாங்க எடுத்துவந்த புட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் முகம்மது இஸ்மாயில். கடையநல்லூர்க்காரர். வெள்ளைத் தொப்பியும் காது மேல் செருகிய பென்சிலுமாக இருப்பார். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். மற்றதெல்லாம் இவர்தான். பொடியை இரண்டு பொட்டலமாக மடித்தார். மடித்துவிட்டு, பிள்ளை யார் இடுப்பில் இருந்ததோ அவளைப் பார்த்துப் பேசினார்.

"பெத்தவகிட்டச் சொல்லுதேன், நல்லாக் கேளு தாயி. இன்னைக்கு ராச்சோறு வேண்டாம். விளக்கு வைக்க ஒரு பொட்டலம். விடிஞ்சதும் விளக்கெண்ணெய். மத்தது ரெண்டு வாரம் கழிச்சுத்தான். முந்திக் குடுத்துராதே, இது பொல்லாத பொடி."

தங்கத்தாய் தலையாட்டினாள். பிறகு, "தாய் இந்தா நிக்கா" என்றாள்.

அந்தப் பிறகுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இசக்கித்தாய் கவனித்தாள். பெத்தவள் என்கிற சொல்லை இவள் வாயில் போட்டு ருசி பார்த்துவிட்டுத்தானே துப்புகிறாள் என்று நினைத்தாள். கம்பவுண்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நாய்க்கு ஆட்டுக்குடலைப் பச்சையாகப் போடாதே, வேகவைத்துப் போடு. நாய் பிள்ளை மூஞ்சியை நக்கவிடாதே. அதோட வாலுக்கடியில் வெள்ளரி விதை மாதிரிப் பூச்சித் துண்டு ஒட்டியிருக்கா என்று பார், இருந்தால் மாட்டாஸ்பத்திரியில் காட்டு. பிள்ளை புழக்கடையில் வெளிக்கிருந்தால் மண்ணைப் போட்டு மூடு. எல்லாம் இசக்கித்தாயின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அது தனக்குச் சொன்னதாக அவளுக்குப் படவில்லை.

அன்று பொழுது சாய, தங்கத்தாய் பொடியைக் கருப்பட்டியில் குழைத்தாள். வள்ளி "மே" என்றாள். முடிந்தது.

விடிந்து விளக்கெண்ணெய் கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை புழக்கடைக்கு ஓடியது. வந்த பூச்சிகளைப் பார்த்து இசக்கித்தாய்க்குக் குமட்டியது. வெளுத்த மண்புழு மாதிரி, நீளம் நீளமாக, சுருண்டு நெளிந்துகொண்டு கிடந்தன. இவ்வளவும் இந்தச் சின்ன வயிற்றிலா இருந்தது. அவள் தண்ணீர் எடுத்துவந்து பிள்ளையைக் கழுவிவிட்டாள், துடைத்தாள், கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். தங்கத்தாய் குழி தோண்டி, அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடினாள்.

மாடத்தி வேலியருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போனாள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"தங்கத்தாய் மதினி, உங்க கைராசியாமே. எங்க வீட்டுப் பிள்ளையளும் பல்லக் கடிக்கு. நீங்க ஒரு வாய் குடுத்துருங்க."

"ஏட்டி, என் கையில என்ன இருக்கு? கம்பவுண்டர்கிட்டப் போங்க. அவரு தந்தது."

"அவரு தந்தாலும் குடுக்குத கைன்னு ஒண்ணு இருக்குல்லா."

இசக்கித்தாய் உள்ளே கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி அவளை எட்டிப் பார்த்து, "நீ குடுத்துவச்சவ இசக்கி. இப்பிடி ஒரு அக்கா கெடைச்சிருக்காளே" என்றாள். இசக்கித்தாய் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மத்தியானம் தங்கத்தாய் நாயைக் கயிற்றில் கட்டி மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாலுக்கடியில் வெள்ளரி விதை இருந்ததாம். வீட்டில் தாயும் மகளும் மட்டும்.

அடுக்குப் பானையின் மேல்சட்டிக்குள் இரண்டாவது பொட்டலம் இருந்தது. இசக்கித்தாய் அதை எடுத்து விரித்தாள். வெள்ளையாக, கொஞ்சம் மினுங்கலாக, ஒரு சிட்டிகைப் பொடி. ஒரு பொட்டலத்துக்கே அவ்வளவு வந்ததென்றால் உள்ளே இன்னும் இருக்கும். இருப்பதை எதற்கு இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவளுக்கு ஒரு நாள் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. தன் பிள்ளை ராத்திரி பல்லைக் கடிக்கும்போது பக்கத்தில் படுத்துக் கேட்கிறவள் தான்தானே. இப்படியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்தால் அந்தப் பொட்டலத்தையும் தங்கத்தாயின் கைதான் கொடுக்கும் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை. நினைக்காமலே அது தெரிந்திருந்தது.

கருப்பட்டியில் குழைத்துக்கொண்டு பிள்ளை முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்க, மே சொல்லு பாப்போம்."

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கருப்பட்டிதான் கண்ணு. இனிப்பு."

"பொய்யி."

"அம்மா பொய் சொல்லுவேனா?"

வள்ளி விரலிடுக்கு வழியாகத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் வாசலை ஒரு தடவை பார்த்தாள்.

"பெரியம்மா குடுத்துட்டுப் போனா. வள்ளிக்குக் குடுன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றாள்.

கை இறங்கியது. வாய் திறந்தது. நாக்கில் வைத்த உருண்டையை வள்ளி சப்பிச் சப்பித் தின்றாள்.

தன் கையால் மகள் மருந்து தின்றுவிட்டாள் என்ற சந்தோசம் இசக்கித்தாய்க்கு இருந்தது. உருண்டை கரைகிற மட்டும் இருந்தது. அதற்கப்புறம், தான் சொன்ன சொல் திரும்பிவந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஜெயித்ததும் அவள் பேரைச் சொல்லித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. வெற்றுப் பொட்டலத்தை அடுப்பில் போட்டாள்.

பொழுது இறங்கும்போது வள்ளி தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தாள்.

"எம்மா, குட்டிக்கு யாரு மஞ்சத் தேச்சா?"

"எந்தக் குட்டிக்கு?"

"வெள்ளைக் குட்டிக்கு."

இசக்கித்தாய் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் குட்டி வெள்ளையாகத்தான் நின்றது. பிள்ளை சுவரைத் தொட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர். "செவரும் மஞ்ச" என்றது. தட்டில் சோற்றைப் போட்டால், "மஞ்சச் சோறு, மஞ்சச் சோறு" என்று கைதட்டியது. கொஞ்ச நேரம் அதற்கு விளையாட்டாக இருந்தது. பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. தின்றதைக் கக்கியது. அழுதுகொண்டே, "எம்மா, நீயும் மஞ்சளா இருக்கே" என்றது.

அழுகை கேட்டு மாடத்தி வந்தாள். பிள்ளை சொன்னதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, மாரி வந்திருக்கா. மாசி மாசம், பாக்குததெல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னா வேற யாரு? அடுப்பை அணை. தாளிச்சுக் கீளிச்சுத் தொலைச்சிராதே. நான் வேப்பங்கொலை ஒடிச்சுட்டு வாரேன். வாசப்படி தாண்ட விடாதே பிள்ளைய. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு நெனைச்சுராதே, கோவிச்சுக்கிடுவா."

வேப்பிலை வாசலில் ஏறியது. மஞ்சள் நீர் தெளித்தார்கள். இசக்கித்தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது மாரி இல்லை என்று அவள் வயிற்றுக்குத் தெரியும். மத்தியானம் கொடுத்ததுதான் இப்போது பிள்ளையின் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும் மாடத்தி அவ்வளவு திண்ணமாகச் சொல்லும்போது, அப்படியும் இருக்கலாமே, தாயே நீயாகவே இருந்துவிடு என்று மனசு கெஞ்சியது. மாரி என்றால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

தங்கத்தாய் நாயோடு வந்து சேரும்போது விளக்கு ஏற்றியாகிவிட்டது. வேப்பங்குலையைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். மாடத்தி விசயத்தைச் சொன்னாள். தங்கத்தாய் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லை. ஒரு பொட்டு இல்லை, கொப்புளம் இல்லை. இது மாரி இல்லை மதினி."

"முத்து நாளைக்குப் போடும்."

"நாளைக்குப் போடட்டும், அப்ப வந்து விழுந்து கும்பிடுதேன்."

"ஏட்டி, படி தாண்டாதே. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

தங்கத்தாய் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேப்பங்குலைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். இசக்கித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

இஸ்மாயில் குடியிருந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே. தொழுது முடித்து வந்தவர் பிள்ளையைப் பார்த்ததும் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னார்.

"எத்தனை பொட்டலம் குடுத்தீக?"

"ஒண்ணு அண்ணாச்சி. நேத்து" என்றாள் தங்கத்தாய்.

"ஒண்ணுக்கு நேத்தே மஞ்சத் தெரிஞ்சிருக்கணும். இன்னைக்குப் பொழுதடைய ஏன் தெரியுது?" அவர் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். "இங்க பாருங்க. ரெண்டாவது பொட்டலம் உள்ள போயிருக்கா, இல்லையா? போயிருந்தா பேதி உப்பு குடுத்துக் கழுவி எடுத்துரலாம், நாளைக்குள்ள மஞ்ச போயிரும். போகலேன்னா இது வேற கோளாறு. மண்டைக்குள்ள எதுவும் இருக்கும். இப்பவே வண்டி பிடிச்சுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. எது நெசமோ அதைச் சொல்லுங்க, எனக்குக் கோவம் கிடையாது."

இசக்கித்தாய்க்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வள்ளி தலையைத் தூக்கி, "பெரியம்மா மருந்து தின்னேன்" என்றாள்.

"எப்ப தின்னே, பாப்பா?"

"இன்னைக்கு. கருப்பட்டி."

கம்பவுண்டர் தங்கத்தாயைப் பார்த்தார். தங்கத்தாய் இசக்கித்தாயைப் பார்த்தாள். தங்கத்தாய்க்கு விளங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே முழுதும் விளங்கியது.

"நான்தான் குடுத்தேன் அண்ணாச்சி" என்றாள். "உள்ள மிச்சம் இருக்குமேன்னு."

"அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, முந்திக் குடுத்துராதேன்னு. ஆட்டுக்குட்டின்னு நெனைச்சியா? வலிப்பு வந்திருந்தா என்ன செய்வே?"

"தப்புதான்."

"விலகு. பிள்ளைய அதோட ஆத்தாகிட்டக் குடு."

பிள்ளை கை மாறியது. கழுத்தைக் கட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உப்பு நீரைக் கம்பவுண்டர் இசக்கித்தாய் கையில் கொடுத்தார். வள்ளி பல்லைக் கடித்தது. தங்கத்தாய் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நீ வெளிய நில்லு" என்றார் அவர். மூக்கைப் பிடித்து, தாடையை அமுக்கி, பாதி உள்ளேயும் பாதி சேலையிலுமாக இசக்கித்தாய் ஊற்றினாள். அழுகை வெளியே கேட்டிருக்கும். தங்கத்தாய் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சேதி கேட்டு அண்ணனும் தம்பியும் கிடையிலிருந்து ஓடிவந்தார்கள். அதற்குள் பிள்ளைக்கு வயிறு போய், மஞ்சள் வெளிறி, "குட்டி வெள்ளையாயிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நல்லகண்ணு தன் பெண்டாட்டியை வாசலில் வைத்தே பேசினான். மாடத்தியும் கைராசி கேட்டு வந்த இரண்டு பெண்களும் நின்று கேட்டார்கள்.

"பெத்து வளத்திருந்தால்லா தெரியும், ஒரு பிள்ளை உசுரு என்னன்னு. இனிமே அந்தப் பிள்ளைக்கு மருந்துன்னு நீ கையை நீட்டக்கூடாது. தொடவே கூடாது."

தங்கத்தாய் கயிற்றை எடுத்துக்கொண்டு, குட்டிகளையும் நாயையும் ஓட்டி, ஊருக்கு வெளியே இருந்த குட்டிப்பட்டிக்குப் போனாள். அதற்கப்புறம் பகல் முழுவதும் அங்கேதான். இருட்டிய பிறகு வந்து நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இசக்கித்தாய்க்கு இப்போது பிள்ளை முழுசாகக் கிடைத்தது. குளிப்பாட்டினாள், நகம் வெட்டினாள், தலை வாரினாள். எல்லாவற்றுக்கும் அது பேசாமல் இருந்தது. "பெரியம்மா எங்க?" என்று கேட்கும். "குட்டி மேய்க்கா" என்றால், "என்மேல கோவமா?" என்று கேட்கும். பட்டி இருந்த திசையில் நாய் குரைத்தால் சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடும். இசக்கித்தாய் அதை இழுத்துவந்து உட்கார வைப்பாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த பிள்ளை ஒரு சுற்று இளைத்திருந்தது. சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் அதே வாசலில் வைத்துத் தன்னையும் பேசுவார்கள். தோன்றியதை அம்மியில் வைத்து அரைத்துவிடுவாள்.

அண்ணன் கிடைக்குத் திரும்பிவிட்டான். மூக்காண்டி பிள்ளைக்காக இன்னும் கொஞ்ச நாள் இருந்தான். ஒரு மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இசக்கித்தாய் ரசம் ஊற்றினாள்.

"எங்க மதினி மாதிரி ஒரு மனுசியப் பாக்க முடியாது, ஏட்டி" என்றான்.

"இப்ப என்ன வந்துது?"

"வாசல்ல வச்சு அண்ணன் அந்தப் பேச்சுப் பேசுதான். வேற ஒருத்தியா இருந்தா எதுத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பா. இல்லேன்னா அழுதிருப்பா. இவ ஒத்துக்கிட்டு நின்னா. தப்பு செஞ்சிட்டு, நான்தான் செஞ்சேன்னு அந்த எடத்துலயே சொல்லுததுக்கு ஒரு நெஞ்சு வேணும். கம்பவுண்டரு சொல்லுதாரு, அந்தம்மா உடனே ஒத்துக்கிட்டதாலதான் பிள்ளை பொழைச்சுதுன்னு. நாமெல்லாம் மறைக்கத்தான் பாப்போம்."

இசக்கித்தாய் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். பிள்ளைக்கு மருந்து கொடுத்தாலும் அவள் பேர். பூச்சி வந்தாலும் அவள் கைராசி. இப்போது தப்புக்கும் அவளுக்குத்தான் பாராட்டு. தன் புருசன் தன் கைச் சோற்றைத் தின்றுகொண்டு, தன் தப்புக்கு அவளை மெச்சுகிறான். இத்தனை நாள் நாக்கை ஒட்டவைத்திருந்த பயம் அந்த எரிச்சலுக்கு முன்னால் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது ஒண்ணும் அவ செய்யலே" என்றாள்.

"எது?"

"ரெண்டாவது பொட்டலம். நான் குடுத்தது. அவ வீட்டுலயே இல்லை. நாயை இழுத்துக்கிட்டுப் போயிருந்தா."

மூக்காண்டியின் கை தட்டிலேயே நின்றது.

"பெறகு ஏன் அவ..."

"அதை அவகிட்டக் கேளும். யாரு கேட்டா அவளை? நான் செஞ்சது எனக்குச் சொல்லத் தெரியாதா?"

அவன் அவளை அடிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கையைக் கழுவினான். "நாலு நாளா தின்னுக்கிட்டும் தூங்கிக்கிட்டும் இருந்திருக்கே" என்று மட்டும் சொன்னான். அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

வள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலோடு பட்டிக்கு நடந்தாள். தங்கத்தாய் ஒரு குட்டியின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிப்போய் அவள் முதுகில் விழுந்தது. தங்கத்தாய் அதைத் தொடாமல் கையை அகற்றி வைத்துக்கொண்டாள்.

"கூட்டிக்கிட்டுப் போ. அவரு கேள்விப்பட்டா ஏசுவாரு."

"ஏச மாட்டாரு. உன் கொழுந்தன்கிட்ட நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"நான்தான் குடுத்தேன்னு."

தங்கத்தாய் முள்ளைக் கீழே போட்டாள். அவள் முகத்தில் வந்தது சந்தோசம் இல்லை.

"நல்லா இருந்துது. யாரு கேட்டா உன்னை? முடிஞ்ச சங்கதி. ஏச்சும் வாங்கியாச்சு."

"நீ ஏன் வாங்கணும்? எம்பிள்ளைக்கு நான் செஞ்ச தப்பு. அதையும் நீ எடுத்துக்கிடணுமா?"

"அன்னைக்கு நீ வாயத் தொறந்திருந்தா நான் ஏன் எடுக்கேன்? கல்லு மாதிரி நின்னே. பிள்ளைக்கு எதுவும் ஆயிருமோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது. நீ உன் மானத்தைப் பாத்துக்கிட்டு நின்னே."

"மானத்தைப் பாக்கலே. பயம்."

"எனக்கு இல்லையா பயம்?" தங்கத்தாய் சேலையில் கையைத் துடைத்தாள். "நெசத்தைச் சொல்லணும்னா கேட்டுக்கோ. அந்தாளு ஏசினாரு பாரு, அறிவிருக்கா உனக்குன்னு. ஒரு ஆத்தாளை ஏசுத மாதிரித்தான் இருந்துது. எனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இல்லை."

இசக்கித்தாய்க்கு உடம்பு பூராவும் எரிந்தது. தான் நினைத்ததுதான். இவள் சும்மா விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. எல்லாவற்றிலும் ஒரு துண்டு கிள்ளித்தான் எடுத்துக்கொள்கிறாள். எரிந்தாலும், அவள் அதை மறைக்காமல் சொன்னது எங்கேயோ ஆறுதலாகவும் இருந்தது. இத்தனை வருசமும் தனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைத்திருந்தாள்.

"கிளம்பு" என்றாள்.

"எங்க?"

"கம்பவுண்டர்கிட்ட. அவருக்கும் சொல்லணும்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"நீ வா, சொல்லுதேன். வராட்டி நான் தனியாப் போவேன்."

தங்கத்தாய் குட்டிகளை அடைத்துவிட்டு வந்தாள். வழியில் வள்ளி, "பெரியம்மா, தூக்கு" என்றது. தங்கத்தாய் இசக்கித்தாயைப் பார்த்தாள். இசக்கித்தாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "தூக்கேன். எனக்கு இடுப்பு வலிக்கி" என்றாள். வலி ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்கள் இருந்தார்கள். இசக்கித்தாய் அவர்களை விலக்கிக்கொண்டு சன்னலுக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். பொட்டலத்தை எடுத்தது, கருப்பட்டியில் குழைத்தது, ஓரகத்தி பேரைச் சொல்லித் தின்ன வைத்தது, மாரி என்று சொன்னபோது பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். இஸ்மாயில் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் ஏசத் தொடங்கினார். அன்று தங்கத்தாயை ஏசியதைவிட அதிகமாக ஏசினார். பெத்தவளே இப்படிச் செய்தால் பிள்ளையைக் கொல்லப் பூச்சி எதற்கு என்றார், சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது என்றார். வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இசக்கித்தாய் தலையைக் குனியாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, போதும். அவளும் சின்னப் பிள்ளைதானே, அந்த நேரத்துல..." என்று தங்கத்தாய் குறுக்கே வந்தாள்.

இசக்கித்தாய் கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"நீ சும்மா இரு அக்கா. என்னையல்லா பேசுதாரு."